சாந்துப் பொட்டு வைத்த மீட்டர்

பெருமைக்காகச் சொல்லவில்லை என்று ஆரம்பிப்பவர்களை நான் நம்புவதில்லை. நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்ட பொம்பளை நான். இன்றைக்கு என் பெயர் எழுதிய லாரிகள் தொப்பூர்க் கணவாயில் ஏறி இறங்குகின்றன. டிப்ளமா படித்த பையன்கள் என் ஷெட்டில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அரை நாள் யோசித்துவிட்டு, "யம்மா, கொஞ்சம் வந்து பாருங்க" என்று கூப்பிடுகிறார்கள். நான் போய்க் கையை வைத்து, மூக்கை வைத்து, இன்னதுதான் என்று சொல்லிவிட்டு வந்து காபியைக் குடிப்பேன். எந்தக் காலேஜில் படித்தீர்கள் என்று ஒரு பையன் கிண்டலாகக் கேட்டான். ஒரு டீசல் ஜீப்பின் இடது பக்க சீட்டில் படித்தேன் என்றேன். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தருமபுரி தனி மாவட்டமாகி ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். எங்கள் ஊரிலிருந்து பாப்பாரப்பட்டிச் சந்தை நடக்கிற தூரம். பாகம் பிரித்தபோது என் சித்தப்பாவுக்கு ஒரு ஜோடி ஆலம்பாடி எருது வந்தது. கொம்பைப் பார்த்தாலே வழிவிடத் தோன்றுகிற எருதுகள். அவற்றை விற்றுவிட்டு ஒரு நாள் சித்தப்பா ஜீப்பில் வந்து இறங்கினார். ஊர் வாயைப் பிளந்தது. அப்பா வாயை மூடிக்கொண்டார். அப்பா கத்தினால் பயமில்லை. வாயை மூடினால்தான் பயப்பட வேண்டும்.

மூன்றாம் நாள் வாயைத் திறந்தார். புளிக் காலம் முடிவதற்குள் இந்த வண்டிக்கு ஒரு நிலையான வேலை கிடைக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போகும், தம்பி மறுபடி ஏர் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் தீர்ப்பு. சித்தப்பா தலையை ஆட்டினார். அவருக்கு உலகத்தில் பிடிக்காத ஒரே பொருள் ஏர்.

அந்த ஜீப் பட்டாளத்தில் ஓடி ஓய்ந்து ஏலத்துக்கு வந்தது. அதிலிருந்த பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு யாரோ ஒரு டீசல் இன்ஜினை உட்கார வைத்திருந்தார்கள். சமதரையில் ராஜா மாதிரி ஓடும். மேடு ஏறினால் காய்ச்சல் கண்ட பிள்ளைபோலக் கொதித்துவிடும். கொதிப்பதைக் கவனிக்காமல் ஓட்டினால் உள்ளே இரும்பும் இரும்பும் கவ்விக்கொண்டு, இன்ஜின் ஒரேயடியாக நின்றுபோகும். அப்புறம் அது இன்ஜின் இல்லை, கல்.

ஆகவே சூடு காட்டும் மீட்டர் ஒன்று வேண்டியிருந்தது. தருமபுரியில் பட்டறை வைத்திருந்த மேஸ்திரி, உடைத்துப் போட்ட லாரி ஒன்றிலிருந்து ஒரு மீட்டரைக் கொண்டுவந்து மாட்டினார். மீட்டரின் பின்னாலிருந்து எலிவால் மாதிரி ஒரு செம்புக் குழாய் போகும். அதன் நுனியில் விரல் பருமனுக்கு ஒரு குமிழ். அந்தக் குமிழ் இன்ஜினுக்குள் சுற்றுகிற தண்ணீரில் முழுகியிருக்கும். தண்ணீரின் சூடு குழாய் வழியாக வந்து முள்ளைத் தள்ளும். குழாயை வெட்டி ஒட்டவும் முடியாது, இழுத்து நீட்டவும் முடியாது. வெட்டினால் மீட்டர் செத்துப்போகும். எங்கள் கெட்ட நேரம், அந்தக் குழாய் ஓட்டுபவர் பக்கம் வரை எட்டவில்லை. இடது பக்க சீட்டில் உட்காருபவரின் முழங்காலுக்கு நேராக மீட்டரை மாட்டிவிட்டு, "அட்ஜஸ்ட் பண்ணிக்கப்பா" என்று சொல்லிவிட்டார் மேஸ்திரி.

வண்டியை ஓட்டுகிறவர் வலது பக்கம், வண்டியின் நாடியைச் சொல்கிற மீட்டர் இடது பக்கம். மலைப்பாதையில் குனிந்து எட்டிப் பார்த்தால் பள்ளம்தான். ஆகவே மீட்டர் பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. முதலில் ஏற்றிய பையன் இன்ஜின் சத்தத்தில் தூங்கிவிட்டான். அடுத்தவன் குரங்கைப் பார்த்தான், மயிலைப் பார்த்தான், மீட்டரைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தான். மூன்றாவது ஆள் நான். எங்கள் வீட்டில் பால் காய்ச்சும்போது அடுப்பண்டை என்னைத்தான் உட்கார வைப்பார்கள். ஒரு நாளும் பால் பொங்கி வழிந்ததில்லை. அந்தத் தகுதி போதும் என்று சித்தப்பா முடிவு செய்தார்.

அப்பா சம்மதிப்பதற்கு இரண்டு நாள் ஆயிற்று. அதுவும் ஒரு கட்டளையோடு.

"பாக்கறதோட நிறுத்திக்கணும். பொட்டப்புள்ள வண்டியில ஒரு எடத்துல கைய வெச்சான்னு காதுல வுழுந்துச்சு, அன்னியோட அவளும் எறங்கிடணும், வண்டியும் வாசல்ல நிக்கக் கூடாது. என்னா?"

"செரிங்கண்ணா" என்றார் சித்தப்பா. நானும் தலையை ஆட்டினேன்.

மீட்டரிலிருந்த எழுத்துகள் தேய்ந்துபோய் எண்கள் தெரியவில்லை. சித்தப்பா அம்மாவிடம் கேட்டு, கண்ணாடிமேல் மஞ்சளால் ஒரு புள்ளியும், அதற்கு மேலே சாந்தால் ஒரு பொட்டும் வைத்தார். முள் மஞ்சளில் நின்றால் வண்டி சுகமாக இருக்கிறது. பொட்டைத் தொட்டால் நிறுத்திவிட வேண்டும். நான் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். "மஞ்சள்... மஞ்சளு தாண்டிடுச்சு... நடுவுல... பொட்டு!" என்றதும் சித்தப்பா வண்டியை நிறுத்துவார். பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்போம். இன்ஜினை அணைக்காமல் மெதுவாக ஓடவிட்டுக் காத்திருப்போம். ஒருவர் வெற்றிலை போட்டு மென்று துப்புகிற நேரத்துக்கு அப்புறம்தான் முள் மனசில்லாமல் மஞ்சளுக்கு இறங்கும். அப்புறம் மறுபடி ஏறுவோம்.

இரண்டு மாதத்தில் அந்த முள்ளின் குணம் எனக்கு அத்துப்படி. எந்த வளைவில் நகரும், எந்த நிழலில் தயங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கூடப் படித்த பிள்ளைகள் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்தார்கள். நான் மலையை மனப்பாடம் செய்தேன்.

மலைமேல் இருந்த ஊர்களில் புளி நன்றாக விளையும். அதை வாங்குகிறவர் தருமபுரியில் மண்டி வைத்திருந்த ஒரு பாய். வெள்ளை ஜிப்பா, அத்தர் வாசம், யாரையும் மரியாதை குறையாமல் பேசுகிற வாய். அதுவரை கழுதைமேல்தான் அவருக்குப் புளி இறங்கிக்கொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு கழுதைகளோடு ஒரு பெரியவர் வருவார். நாங்கள் பொட்டுக்கு நிற்கிற இடத்திலெல்லாம் அவர் எங்களைத் தாண்டிப் போவார். தாண்டும்போது சும்மாவும் போகமாட்டார்.

"ஏம்பா, என் கழுதைக்கி மீட்டரு வேணாம். காதத் தொட்டுப் பாத்தாப் போதும்."

சித்தப்பா பல்லைக் கடிப்பார். கழுதைகள்கூடச் சிரிப்பது மாதிரி இருக்கும்.

கடைசியில் பாய் ஒரு நாள் குறித்தார். உப்பு மூட்டை, மண்ணெண்ணெய் டின், காலிச் சாக்கு எல்லாம் ஏற்றிக்கொண்டு, அவரும் வண்டியில் ஏறி மலைக்கு வருவார். ஜீப் ஒழுங்காக ஏறி, புளியோடு ஒழுங்காக இறங்கினால் அந்த வருஷப் புளி முழுவதும் எங்களுக்கு. ஏறாவிட்டால் கழுதைக்கு. புளிக் காலத்தில் அதற்கு மேல் நாளும் இல்லை, வேறு வியாபாரியும் இல்லை. காலையில் வண்டி கிளம்பும்போது அப்பா வாசலில் நின்றார். வாயை மூடிக்கொண்டு நின்றார்.

தப்பு நடந்தது மரியாதையால்தான். வண்டிக்கு வருகிற பெரிய மனிதரை முன் சீட்டில்தான் உட்கார வைக்க வேண்டும். மண்டிக்காரரை மூட்டைமேல் உட்காருங்கள் என்று எந்த வாய் சொல்லும்? நான் பின்னால், உப்பு மூட்டைக்கும் மண்ணெண்ணெய் டின்னுக்கும் நடுவில் போனேன். சித்தப்பா கூச்சத்தோடு பாயிடம் மீட்டரைக் காட்டினார்.

"இந்தப் பொட்ட முள்ளு தொட்டுதுன்னா ஒரு வார்த்த சொல்லிடுங்க பாய்."

"அதுக்கென்னா தம்பி, சொல்லிட்டாப் போச்சு" என்று பாய் அக்கறையாக மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

முதல் இரண்டு நிறுத்தத்திலும் பாய் சரியாகத்தான் சொன்னார். கழுதைக்காரர் தாண்டிப் போகும்போது, மூட்டை நடுவில் என்னைப் பார்த்துவிட்டு, "என்னா, மீட்டரம்மாளச் சரக்குல போட்டுட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே போனார். எனக்கு அழுகை வந்தது. அழவில்லை. மூட்டைமேல் முட்டிபோட்டு, பாயின் தோளுக்கு மேலே கழுத்தை நீட்டி மீட்டரைப் பார்த்துக்கொண்டே வந்தேன். என்னை யாரும் பார்க்கச் சொல்லவில்லை. பார்க்காதே என்றும் யாரும் சொல்லவில்லையே!

மூன்றாவது மேடுதான் பெரிய மேடு. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். முதல் கியரில் வண்டி நடக்கிற வேகத்தில் முனகிக்கொண்டு ஏறியது. முள் மஞ்சளைத் தாண்டியது. நடுவுக்கு வந்தது. பொட்டுக்கு ஒரு நூல் இருக்கும்போது சட்டென்று திரும்பியது. நடுவுக்கு இறங்கியது. மஞ்சளுக்கு இறங்கியது. மஞ்சளுக்கும் கீழே போனது.

"தம்பி, முள்ளு எறங்குது! மாஷா அல்லா, வண்டி குளுந்துடுச்சு!" என்றார் பாய்.

சித்தப்பாவின் முகம் பூத்துவிட்டது. "பாத்தீங்களா பாய்? இஞ்சின் செட்டாயிடுச்சு!" என்று இன்னும் அழுத்தினார்.

மேட்டில் முள் இறங்காது. நிற்கும்போதே வெற்றிலை மெல்லும் நேரம் எடுக்கிற முள், பாரத்தோடு ஏறும்போது நொடியில் எப்படி விழும்? பொட்டைத் தொட்டால் நிறுத்து என்றுதான் எங்களிடம் சட்டம் இருந்தது. விழுந்தால் என்ன செய்வது என்று யாரும் சட்டம் போடவில்லை.

"சித்தப்பா, நிறுத்துங்க! முள்ளு வுழுந்துடுச்சு!"

"வுழுந்தா நல்லதுதான் கண்ணு. கம்முனு ஒக்காரு."

"மேட்டுல எப்பிடி வுழும்? நிறுத்துங்க சித்தப்பா!"

"ஏய், பெரியவங்க பாக்கறாங்கல்ல? வாய மூடு!"

டீசல் வண்டியைச் சாவியால் அணைக்க முடியாது. டேஷ்போர்டின் நடுவில் ஒரு கைப்பிடி இருக்கும். அதை வெளியே இழுத்தால் டீசல் நின்று இன்ஜின் அடங்கும். அதற்கு ஸ்டாப்பர் என்று பெயர். சித்தப்பா தினமும் இழுப்பதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். பாயின் தோளில் ஒரு கையை ஊன்றினேன். அத்தர் வாசம் மூக்கில் ஏறியது. இன்னொரு கையை நீட்டி ஸ்டாப்பரைப் பிடித்து, என் பலம் முழுவதும் கொடுத்து இழுத்தேன்.

இன்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு அடங்கியது. வண்டி பின்னால் உருளத் தொடங்கியது. பாய் அல்லாவைக் கூப்பிட்டார். சித்தப்பா பிரேக்கின்மேல் ஏறி நின்றார். நான் அதற்குள் கட்டையோடு கீழே குதித்து, பின் சக்கரத்துக்கு அடியில் கொடுத்துவிட்டேன். வண்டி நின்றது. சித்தப்பா இறங்கி வந்தார். வந்த வேகத்தில் என் கன்னத்தில் ஓர் அறை விட்டார்.

"வண்டியக் கவுத்திருப்பியேடி!"

வண்டிக்குப் பின்னால் பாதையைக் காட்டினேன். செம்மண் புழுதியில் கறுப்பாக ஒரு கோடு கீழே வளைவு வரைக்கும் போனது. வளைவண்டை பட்டையாக இருந்தது, எங்களை நோக்கி வர வர நூலாகி, பத்தடி முன்னாலேயே முடிந்துபோயிருந்தது. சொட்டுவதற்கு வண்டியில் இனித் தண்ணீரே இல்லை.

சித்தப்பா பானட்டைத் திறந்தார். பழுத்த இரும்பு வாசம் முகத்தில் அடித்தது. ரேடியேட்டரின் அடிக்குழாய் ரப்பர் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. ஈரச் சாக்கைப் போட்டு மூடியைத் திருகினார். ஆவியாவது வரும் என்று தள்ளி நின்றோம். ஒரு மூச்சுக்கூட வரவில்லை.

முள் ஏன் விழுந்தது என்று இப்போது நான் தூக்கத்திலும் சொல்வேன். மீட்டரின் குமிழ் தண்ணீரில் இருக்கும்வரைதான் அது தண்ணீரின் சூட்டைச் சொல்லும். தண்ணீர் வடிந்துவிட்டால் வெறும் காற்றுக்குள் தொங்கும். இன்ஜின் எரிந்துகொண்டிருக்கும்போது அது குளிர்ந்துவிட்டது என்று பொய் சொல்லும். அன்றைக்கு எனக்கு இது ஒன்றும் தெரியாது. வேற்று ஆள் முன்னால் உட்கார்ந்ததில் மீட்டர் கோபித்துக்கொண்டது என்று நினைத்தேன். காரணம் தப்பு. இழுத்தது சரி.

பாய் தன் கூஜாவைத் திறந்து தண்ணீர் ஊற்றப் போனார். சித்தப்பா பாய்ந்து கையைப் பிடித்தார். "வேணாம் பாய்! இந்தச் சூட்டுல ஊத்துனா இஞ்சின் ஹெட்டு வெடிச்சிடும்." அப்புறம் பாறை நிழலில் போய் உட்கார்ந்தார். இன்ஜின் கவ்விக்கொண்டதா இல்லையா என்று ஆறும்வரை தெரியாது. கவ்வியிருந்தால் அந்த இடத்திலேயே எல்லாம் முடிந்தது.

இரும்பைத் தொட்டால் கை பொறுக்கிற பதம் வந்ததும், சித்தப்பா ஸ்டார்ட் செய்கிற ஹேண்டிலை எடுத்து முன்னால் சொருகினார். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். அசையவில்லை. இரண்டாவது தடவை காலை ஊன்றி அழுத்தினார். உள்ளே "கடக்" என்று ஒரு சத்தம். ஹேண்டில் அரைச் சுற்றுச் சுற்றியது. சித்தப்பா ஹேண்டிலைக் கட்டிக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நான் ஆடினேன் என்று பாய் பிற்பாடு சொல்வார். எனக்கு ஞாபகமில்லை.

கிழிந்த குழாயில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கம்பியால் முறுக்கினோம். தண்ணீருக்கு என்ன செய்வது என்று பார்க்கும்போது, முன்னால் போயிருந்த கழுதைக்காரர், வண்டிச் சத்தம் நின்றுபோனதைக் கேட்டுத் திரும்பி வந்தார். என்ன சொல்லப்போகிறாரோ என்று பார்த்தோம். ஒன்றும் சொல்லாமல் தன்னிடமிருந்த டின்களைக் கழுதைமேல் கட்டி, ஓடையில் நிரப்பிக்கொண்டு வந்தார். ரேடியேட்டரில் ஊற்றி முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"கழுதத் தண்ணி குடிச்சிட்டுத்தான் இது மலையேறணும்னு எழுதியிருக்கு பாரு."

முதல் தடவையாகச் சித்தப்பா அவர் பேச்சுக்குச் சிரித்தார்.

வண்டி ஸ்டார்ட் ஆனது. பாய் முன் சீட்டில் ஏறவில்லை. ஜிப்பாவைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பின்னால் உப்பு மூட்டைமேல் போய் உட்கார்ந்தார். சித்தப்பா பதறினார்.

"பாய், நீங்க முன்னால..."

"அது என் எடமில்ல தம்பி. மீட்டருக்காரங்க எடம். ஏறுங்கம்மா."

நான் ஏறினேன். ஒன்பது வயதில் ஒரு மண்டி முதலாளியை மூட்டைமேல் உட்கார வைத்துவிட்டு, நான் முன் சீட்டில் மலையேறினேன். "மஞ்சள்!" என்று நான் கத்தினால் பின்னாலிருந்து பாய் "மஞ்சளு!" என்று ஒத்து ஊதுவார். "பொட்டு!" என்றால் வண்டி நிற்கும். மலை ஊருக்குள் நுழைந்தபோது நாய்கள், பிள்ளைகள், கோழிகள் எல்லாம் எங்களுக்கு முன்னால் ஓடின. சித்தப்பா ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை. புளியை ஏற்றி முடித்ததும், மரத்தடியில் எல்லார் முன்னாலும் பாய் சொன்னார், இந்த வருஷப் புளி இந்த வண்டியில்தான் இறங்கும் என்று. ஓடை தாண்டி வண்டி ஏற முடியாத ஊர்களின் புளியை மட்டும் கழுதைக்காரருக்கு ஒதுக்கினார்.

பொழுது சாய, பாயோடு வீட்டுக்கு வந்தோம். அப்பா வாசலில் நின்றிருந்தார். நான் குதித்து ஓடி எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று வாய்க்குள் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். சித்தப்பா முந்திக்கொண்டார்.

"நடுமேட்டுல தண்ணி ஹோஸு கிழிஞ்சிடுச்சுங்கண்ணா. முள்ளு வுழுந்துச்சு. எனக்கு உடனே சந்தேகம். ஸ்டாப்பர இழுத்து நிறுத்திட்டேன். வுட்டிருந்தா இஞ்சின் போயிருக்கும்."

அப்பா பாயைப் பார்த்தார். பாய் கண்ணிமைக்காமல், "ஆமாங்க. தம்பிக்கு நல்ல சாமர்த்தியம்" என்றார்.

"இவ கன்னத்துல என்னா?"

"மூட்ட இடிச்சிடுச்சுங்கண்ணா."

நான் வாயைத் திறந்தேன். பாய் ஜிப்பாப் பையிலிருந்து ஒரு கடலை உருண்டையை எடுத்து அதில் வைத்துவிட்டார்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கையால் நான் இழுத்தது. என் கன்னத்தில் நான் வாங்கியது. அதைப் பட்டப்பகலில் ஒருவர் எடுத்துத் தன் பெயரில் எழுதிக்கொண்டார், தொழுகை தவறாத ஒருவர் சாட்சி சொன்னார். அம்மாவிடம் போய், "நான்தாம்மா இழுத்தேன்" என்றேன். அம்மா என் வாயைப் பொத்தி, அப்பா இருந்த பக்கம் பார்த்தாள். அம்மாவும் அவர்கள் கட்சி என்று நினைத்துக்கொண்டேன். நாலு நாள் சித்தப்பாவோடு பேசவில்லை. வண்டியில் உட்கார்ந்து "மஞ்சள்", "பொட்டு" என்ற இரண்டு வார்த்தைகளை மட்டும், அவருக்கில்லாமல் மீட்டருக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். அவரும் சமாதானம் பேச வரவில்லை. ஊரில் யாராவது அவர் சாமர்த்தியத்தைப் புகழ்ந்தால் மட்டும் என்னை ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அந்த வருஷமும், அதற்கு அடுத்து ஐந்து வருஷமும் நான்தான் இடது பக்க சீட்டில் உட்கார்ந்தேன். இன்ஜினின் ஒவ்வொரு சத்தத்தையும் அங்கேதான் கற்றேன். பதினைந்து வயதில், அப்பாவுக்குத் தெரியாமல், வலது பக்கத்துக்கும் மாறினேன். நான் வண்டியில் கை வைத்தேன் என்று அன்றைக்கு அப்பா காதில் விழுந்திருந்தால், மறுநாள் காலையில் அந்த சீட்டும் இல்லை, அந்த வண்டியும் இல்லை. அவ்வளவு பெரிய மேட்டில் முள் விழுந்ததைக் கண்டுபிடித்த எனக்கு, இந்தச் சின்ன விஷயம் அன்று பிடிபடவில்லை. ஒருவர் என் பெருமையைத் திருடிவிட்டார் என்று மட்டும்தான் தெரிந்தது.